இறகைக் கரைத்த பொடி

உச்சிப்புளிக்குக் கொஞ்சம் முன்னால், மெயின் ரோட்டிலிருந்து ரயில்வே கேட்டைத் தாண்டிப் பனங்காட்டுக்குள் போனால், மூடிக் கிடந்த ஒரு ஐஸ் கம்பெனி இருந்தது. அதில்தான் நான் மூன்று வருஷம் வேலை பார்த்தேன். நான் சேர்ந்தபோது அங்கே ஐஸ் இல்லை, கோழி இறகு இருந்தது. ராமநாதபுரத்துக் கறிக்கடைகளிலிருந்து சாக்குச் சாக்காக வந்து இறங்கும். ஈரமும் ரத்தமும் சேர்ந்த அந்த நாற்றத்தில் முதல் வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

கட்டடத்தை வாங்கியவரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். வளைகுடாவில் ஒரு கோழி வெட்டும் ஆலையில் பல வருஷம் இருந்துவிட்டு வந்தவர். அங்கே இறகை வெளியே கொட்டுவதில்லை, அவித்துத் தூளாக்கித் தீவனத்தில் சேர்ப்பார்கள் என்று பார்த்து வைத்திருந்தார். ஊர் திரும்பியதும் கண்மாய்க் கரையிலும் ரோட்டோரக் கருவேலங்காட்டிலும் குவிந்து கிடந்த இறகு மூட்டைகள் அவர் கண்ணை உறுத்தியிருக்கின்றன.

"இங்கன நாய் இழுத்துட்டுத் திரியுதும்மா. அங்கன அதுதான் தொழிலு," என்றார், என்னை வேலைக்கு எடுத்த அன்று.

நான் முதுகுளத்தூர்ப் பக்கம். அய்யாவுக்கு மிளகாய் விவசாயம். மைக்ரோபயாலஜி படித்துவிட்டு மதுரையில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் குழாய்களுக்கு நம்பர் ஒட்டிக்கொண்டிருந்தேன். நான் படித்ததைக் கேட்டு ஒருவர் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

கோழி இறகு, தலைமுடி, நகம், கொம்பு எல்லாமே கெரட்டின் என்ற ஒரே வகைப் புரதம்தான். லேசில் மக்காது. அவிக்காமல் எந்த வயிறும் அதை லேசில் செரிப்பதில்லை. ஆனால் செரிக்கத் தெரிந்த பாக்டீரியாக்கள் மண்ணில் உண்டு. அவை ஒரு என்சைமைச் சுரந்து இறகைக் கரைத்துத்தான் உயிர் வாழ்கின்றன. அவிக்கும் பெரிய மிஷினுக்குப் பாயிடம் பணம் இல்லாததால், அதற்குப் பதில் அப்படி ஒன்றைத் தேடி, இறகு மூட்டைகள் அழுகிக் கிடந்த ஒரு கண்மாய்க் கரையில் மண் எடுத்துக்கொண்டு வந்தேன். பல வாரம் எதுவும் சரிப்படவில்லை. பிறகு ஒரு நாள், குடுவையில் போட்ட முழு இறகு மூன்றாம் நாள் காணாமல் போயிருந்தது. நடுத்தண்டு மட்டும் நூல்போல மிதந்தது. மீதி எல்லாம் கஞ்சித் தண்ணி மாதிரி கலங்கி நின்றது. குடுவையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். பாய் அதை வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு, "மாஷா அல்லாஹ்" என்றார். அன்றைக்கு இருந்த சந்தோஷம் பிறகு எனக்கு எதிலும் வந்ததில்லை.

இறகு அலசவும் தொட்டி கழுவவும் புதுமடம் பக்கத்திலிருந்து ஒரு அக்கா வந்தாள். நாற்பது வயதைத் தாண்டியவள். அதற்கு முன்னால் கடலில் பாசி எடுத்துக்கொண்டிருந்தாள். விரலுக்குத் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி, மூச்சை அடக்கி உள்ளே போய்ப் பாறையில் ஒட்டியிருக்கும் பாசியைப் பறித்து வருகிற வேலை. தீவுப் பக்கம் போகக்கூடாது என்று வனத்துறையின் கெடுபிடி கூடியதாலும், கை கால் புண் ஆறாததாலும் அதை விட்டிருந்தாள். அவளோடு பாசி எடுத்த பெண்கள் ஒருமுறை கம்பெனிப் பக்கம் வந்தபோது என்னிடம் சொன்னார்கள்: "இவ உள்ள போனா, நாங்க ரெண்டு வாட்டி மேல வந்து மூச்சு வாங்கிட்டுப் போயிருவோம். அப்பத்தான் இவ தலை தெரியும்." அக்கா அதை மறுக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். வேறு எதிலும் அவள் தன்னைப் பெரிதாக நினைத்துக்கொண்டதே இல்லை.

சேர்ந்த புதிதில் அவள் என்னிடம் கேட்டாள்.

"மேடம், இந்தக் கிருமி முடியத் திங்கும், நகத்தத் திங்கும்ங்கிறீக. நம்ம முடி, நம்ம நகத்தத் திங்காதா?"

நான் சிரித்தேன். கையுறை போட்டுக்கொண்டால் போதும், உடம்பில் இருக்கிற முடியை அது ஒன்றும் செய்துவிடாது என்று விளக்கினேன்.

"அப்ப பயமில்ல?"

"ஒண்ணும் செய்யாதுக்கா."

அவள் நம்பினாள். நான் படித்தவள், அதனால் நம்பினாள். அந்த நேரத்தில் நான் சொன்னது பொய்யும் இல்லை. அப்போது எங்களிடம் இருந்தது தொட்டியும் தண்ணியும்தான். எல்லாம் ஈரம்.

என்சைமை வாங்க முதலில் வந்தவர் திண்டுக்கல் பக்கத்துத் தோல் பதனிடும் ஷாப்பு ஒன்றிலிருந்து. ஆட்டுத்தோலில் முடி நீக்க அவர்கள் சுண்ணாம்பும் சல்பைடும் போடுவார்கள். அந்தக் கழிவால் அவர்களுக்குப் பெரிய தலைவலி. அதற்குப் பதில் எங்கள் என்சைமில் ஊறப்போட்டால் முடி வேரோடு வழுக்கிக்கொண்டு வருகிறதா என்று பார்த்தார். வந்தது. தோலைத் தடவித் தடவிப் பார்த்தார். பிறகு, "தண்ணியா குடுத்தா எங்க ஊர் வெயில்ல நாலு நாள்ல கெட்டுப்போகுது. பொடியாக் குடுங்க, எவ்வளவுன்னாலும் எடுத்துக்கிறேன்," என்றார்.

பாய் பழைய டிரையர் ஒன்றும் அரவை மிஷின் ஒன்றும் வாங்கிப் போட்டார். ஐஸ் கட்டிகளை அடுக்கி வைத்திருந்த ஜன்னல் இல்லாத அறையில் அவற்றை நிறுத்தினோம்.

பொடி என்ற சொல்லைக் கேட்டதுமே எனக்கு ஒரு பக்கம் ஞாபகம் வந்தது. பரீட்சைக்குப் படித்த பாடப்புத்தகத்தில் ஒரே ஒரு பத்தி. புரதத்தை உடைக்கும் என்சைம்கள் தூளாக மூச்சுக்குள் போனால் சிலருக்கு உடம்பு அதை எதிரியாகப் பழகிக்கொள்ளும். முதலில் தும்மல், கண் அரிப்பு. பிறகு நெஞ்சு இறுக்கம், இளைப்பு. ஒருமுறை பழகிவிட்டால் அப்புறம் துளி பட்டாலும் போதும். அதனால் மூடிய மிஷின், காற்று இழுக்கும் குழாய், முகத்தோடு ஒட்டுகிற நல்ல மாஸ்க் எல்லாம் வேண்டும். பரீட்சையில் அந்தக் கேள்வி வரவில்லை.

நான் பாயிடம் போய், "தூசி இழுக்க ஒரு ஃபேன் வைக்கணும் பாய்," என்றேன்.

"வச்சிருவோம்மா. மொத லோடு போகட்டும்."

ஏன் வைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சொன்னால் அவர் பயந்துவிடுவார், பொடியே வேண்டாம் என்பார், தோல் ஷாப்புக்காரர் வேறு இடம் பார்ப்பார், அந்தக் குடுவை மறுபடி வெறும் குடுவையாகிவிடும் என்று நினைத்தேன். மெடிக்கலில் விற்கிற மெல்லிய மாஸ்க் ஒரு பெட்டி வாங்கி வைத்தேன். அது போதாது என்று எனக்குத் தெரியும்.

அரவை அறையில் நானும் அக்காவும்தான். வெளிறிய மஞ்சள் நிறத்தில், கடலை மாவு போலப் பொடி விழும். கதவைத் திறந்தால் வெளிச்சம் விழும் இடத்தில் அது மிதப்பது தெரியும். மூடிவிட்டால் தெரியாது. மாஸ்க் வேர்வையில் நனைந்து மூக்கோடு ஒட்டும். அக்கா அதைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொள்வாள்.

இரண்டு மாதம் ஒன்றும் இல்லை. அந்த இரண்டு மாதமும் நான் அவளைக் கவனித்துக்கொண்டே இருந்தேன். அவள் ஒருமுறை செருமினால் கை வேலையை நிறுத்திவிடுவேன். அடுத்த செருமல் வருகிறதா என்று காத்திருப்பேன். வராது. புத்தகத்தில் சிலருக்கு என்றுதான் போட்டிருந்தது, எல்லோருக்கும் என்று இல்லையே என்று மனசைத் தேற்றிக்கொள்வேன்.

பிறகு இருமல் வந்தது. அவளே அதற்குக் காரணமும் வைத்திருந்தாள். வாடைக்காத்து என்றாள். இன்னொரு நாள் கருவாட்டுப் புகை என்றாள்.

எங்களுக்கு வெள்ளிக்கிழமை லீவு. சனிக்கிழமை காலையில் வரும்போது அவள் நன்றாக இருப்பாள். திங்கள் செவ்வாயில் இருமுவாள். வியாழக்கிழமை சாயங்காலம் அவள் பேசும்போது பேச்சுக்கு நடுவே விசில் மாதிரி ஒரு சத்தம் வரும். லீவு முடிந்து வந்தால் மறுபடி சரியாகியிருக்கும். இதை நான் என் நோட்டில் எழுதக்கூட இல்லை. எழுதினால் அது உண்மையாகிவிடும் என்று பயந்தேன்.

ஒரு நாள் அலசல் தொட்டி பக்கத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்ல தாயி. நெஞ்சுல யாரோ கல்லத் தூக்கி வச்ச மாதிரி இருக்கு. வயசாகுதுல்ல."

"டாக்டர்ட்ட காட்டுனீகளா?"

"இருமலுக்குப் போயி டாக்டரா?"

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். "சுடுதண்ணி குடிங்க," என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

அதற்கு அடுத்த வாரம் எனக்கே ஆரம்பித்தது. ராமநாதபுரத்தில் ஒரு மகளிர் விடுதியில் தங்கியிருந்தேன். வேலை முடிந்து பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தபோது, காற்று முகத்தில் அடித்துக்கொண்டே இருந்தது, எனக்கு மட்டும் போதவில்லை. இழுக்க இழுக்கப் பாதியில் நின்றது. பக்கத்தில் யாரோ ஒரு அம்மா, மடியில் கூடையை வைத்துக்கொண்டு தூங்கினாள். பஸ்ஸை நிறுத்தச் சொல்லலாமா என்று நினைத்தேன், குரல் வராது என்று பயமாக இருந்தது. ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே வந்தேன். ராமநாதபுரம் வந்து இறங்கியதும் பஸ் ஸ்டாண்டுத் தூணில் சாய்ந்து நின்றேன். அரை மணி நேரத்தில் சரியானது.

அன்றைக்கு எனக்குச் சந்தேகமே இல்லாமல் போயிற்று. ஆனாலும் அடுத்த நாள் வேலைக்குப் போனேன். ஏன் போனேன் என்று இப்போது யோசித்தால் வெட்கமாக இருக்கிறது. வீட்டில் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். இளைப்பு நோய் உள்ள பெண் என்று பேர் வந்துவிடும் என்பது ஒன்று. இன்னொன்று, அதைவிடப் பெரியது. கண்மாய்க் கரையில் மண்ணைத் தோண்டி நான் கொண்டுவந்த அந்தப் பாக்டீரியாதான் எங்கள் இரண்டு பேர் மூச்சையும் பிடிக்கிறது என்று என் வாயால் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பாசி எடுத்தவளுக்கே மூச்சு போகிறது என்றால் எனக்கு என்ன ஆகும் என்று ஒரு கணக்கு மனசில் ஓடும். அப்படி நினைத்ததற்காகவும் என்மேல் எனக்குப் பயம் வந்தது. அவளை நான் ஒரு அளவுகோலாக வைத்திருந்தேன்.

அது நடந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினோரு மணி இருக்கும். நான் வெளி அறையில் குடுவைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அரவை மிஷினின் அடியில் பொடி வாங்கும் பை தையல் விட்டுக் கொட்டியிருக்கிறது. அக்கா என்னைக் கூப்பிடவில்லை. சிந்தியதை வீணாக்கக்கூடாது என்று விளக்குமாற்றை எடுத்துக் கூட்ட ஆரம்பித்திருக்கிறாள். பொடியைக் கூட்டக்கூடாது, ஈரத்துணியால் ஒற்றித்தான் எடுக்க வேண்டும் என்று நான் அவளுக்குச் சொன்னதே இல்லை.

ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. போய்க் கதவைத் திறந்தேன். அறை முழுக்க மஞ்சள் மூட்டம். அதற்குள் அக்கா மண்டியிட்டு, இரண்டு கையையும் தரையில் ஊன்றி இருந்தாள். வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. நான் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலிலேயே நின்றேன். எத்தனை விநாடி நின்றேன் என்று தெரியாது. உள்ளே போனால் எனக்கும் இதுதான் என்று தெரிந்தே நின்றேன். பிறகு போனேன். கையைப் பிடித்து இழுத்தேன், எழவில்லை. அக்குளில் கை கொடுத்து, பின்னால் நடந்தபடி இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன். அவள் தலையிலும் புருவத்திலும் பொடி அப்பியிருந்தது. குடம் தண்ணியைத் தலையோடு ஊற்றினேன். அதற்குள் எனக்கும் நெஞ்சு அடைத்துவிட்டது.

பாய் காரை எடுத்தார். பின் சீட்டில் அவளை என்மேல் சாய்த்து உட்கார வைத்தேன். அவள் சாய மறுத்தாள். முன்சீட்டைப் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்து உட்கார்ந்தாள். தோள்கள் இரண்டும் ஏறி ஏறி இறங்கின.

"உள்ள போனது… வெளிய… வரமாட்டேங்குது," என்றாள்.

ரயில்வே கேட் மூடியிருந்தது.

பாய் ஹாரன் அடித்தார். பிறகு இறங்கி ஓடினார். கேட்மேனிடம் கையெடுத்துக் கும்பிட்டதை நான் கண்ணாடி வழியே பார்த்தேன். அவர் சிக்னலைக் காட்டித் தலையை ஆட்டினார். ரயில் உச்சிப்புளியை விட்டுக் கிளம்பிவிட்டது, இனித் திறக்க முடியாது என்றார். பாய் திரும்பி வந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு வாய்க்குள்ளேயே ஓத ஆரம்பித்தார். வெளியே ஒரு டூ வீலர்க்காரர் இறங்கி நின்று போனில் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார். தண்டவாளத்தில் பட்ட வெயிலில் கண் கூசியது. வண்டி வருகிற சத்தமே இல்லை.

அக்காவின் உதடு நீலம் பாரிக்க ஆரம்பித்தது. முதலில் நிழல் என்று நினைத்தேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். பாறையைப் பற்றிப் பாசியைப் பிடுங்கிய கை. அந்தப் பிடி கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது. அவள் பிடி இறுகியபோது வலித்தது, தளர்ந்தபோது பயந்தேன். "அக்கா, விடாத, பிடிச்சுக்க," என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். என் குரலிலேயே அந்த விசில் கேட்டது.

ரயில் போயிற்று. ஒவ்வொரு பெட்டியாகப் போயிற்று. கேட் ஏறியது.

பெரியாஸ்பத்திரியில் அவளுக்கு ஆக்ஸிஜன் வைத்து, ஊசி போட்டு, புகை மருந்து கொடுத்தார்கள். டாக்டரம்மா இளம் வயதுக்காரர். பாயைப் பார்த்துக் கேட்டார்.

"என்ன வேலை செய்யிறாங்க?"

"கோழி எறகு அலசுறாங்கம்மா."

"அலர்ஜியா இருக்கும். எறகுத் தூசியா?"

பாய் என்னைப் பார்த்தார். ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். மருந்தும் இதையேதான் கொடுத்திருப்பார்கள், அக்காவும் பத்து நாளில் வேலைக்குத் திரும்பியிருப்பாள். அந்த நினைப்பும் வந்தது என்பதை நான் மறைக்கப் போவதில்லை.

"எறகுத் தூசி இல்ல மேடம். என்சைம் பொடி," என்றேன். என்ன என்சைம், எப்படித் தயாரிக்கிறோம், எத்தனை மாதமாக அரைக்கிறோம், லீவு நாளில் சரியாகி வேலை நாளில் கூடுவது எல்லாவற்றையும் சொன்னேன். நடுநடுவே மூச்சு வாங்க நிறுத்த வேண்டியிருந்தது.

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். "இதெல்லாம் உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"நீங்களும் உக்காருங்க. உங்களுக்கும் வீசிங் இருக்கு."

எனக்கும் அந்தப் புகை மருந்துக் குழாயை மூக்கில் வைத்தார்கள். குளிர்ந்த புகைக்குள் கண்ணை மூடிக்கொண்டு இருந்தேன். பாய் வராந்தாவில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது கதவு இடுக்கில் தெரிந்தது.

சாயங்காலம் அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

"நீ ஃபேன் கேட்டியேம்மா. நாந்தான் தள்ளிப் போட்டேன்," என்றார்.

"ஏன் கேட்டேன்னு நான் சொல்லலையே பாய். சொல்லியிருந்தா வச்சிருப்பீங்க."

"வச்சிருப்பேன்," என்றார். அந்த ஒரு வார்த்தை எனக்கு அடி வாங்கியது போல இருந்தது. அவர் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

அக்கா ஆறு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். மூன்றாம் நாள் அவள் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். அவள் புருஷன் டீ வாங்கப் போயிருந்தார்.

"அக்கா, இந்தப் பொடி நெஞ்சைப் பிடிக்கும்னு எனக்கு மொதல்லயே தெரியும். ஒங்களுக்கு இருமல் வந்தப்பவே இதுதான்னு தெரியும்."

கோபம் வரும் என்று காத்திருந்தேன். வந்தது குழப்பம்தான்.

"தெரிஞ்சா சொல்லியிருக்கலாம்ல, தாயி?"

"பயமா இருந்துச்சு."

"எனக்கும் கடலுக்குள்ள எறங்கயில பயமாத்தான் இருக்கும். ஆனா எங்கன பாறை, எங்கன நீரோட்டம்னு ஒருத்திக்குத் தெரிஞ்சா அடுத்தவளுக்குச் சொல்லிருவா. சொல்லாம ஒருத்தியும் எறங்க மாட்டா." கொஞ்சம் மூச்சு விட்டுக்கொண்டாள். "நீ என்னைய சொல்லாம எறக்கிவிட்டுட்ட."

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவள் புருஷன் எனக்கும் சேர்த்து டீ வாங்கி வந்திருந்தார். அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன், குடிக்க முடியவில்லை.

பாய் அந்த வாரமே அரவை மிஷினை ஈரத்துணியால் துடைக்கச் சொல்லி, பாலித்தீன் சுற்றி, வெளியே தூக்கிப் போட்டுவிட்டார். தோல் ஷாப்புக்காரர் போனில் சத்தம் போட்டார், பிறகு கூப்பிடவில்லை. கம்பெனி மூடிவிடும் என்றுதான் நினைத்தேன். ஆனால் இறகு கரைந்த அந்தக் கலங்கல் தண்ணியையே பயிருக்கு ஊற்றலாம் என்று படித்திருந்தேன். அய்யாவின் மிளகாய்க் கொல்லையில் நாலு வரிசைக்கு ஊற்றிப் பார்த்தோம். அய்யா பத்து நாள் கழித்து இலையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இன்னும் ரெண்டு கேன் கொண்டா," என்றார். பாய் இப்போது அதைத்தான் செய்கிறார். எல்லாம் ஈரம், பொடி கிடையாது. முதுகுளத்தூர், பரமக்குடி பக்கம் கேன் கேனாகப் போகிறது.

நான் அங்கே இல்லை. இருக்க முடியவில்லை. தொட்டி அறைக்குள் போனாலே நெஞ்சு இறுகியது. இப்போது ராமநாதபுரத்தில் குடிதண்ணீர் சோதிக்கும் ஒரு ஆய்வகத்தில் இருக்கிறேன். பையில் எப்போதும் இன்ஹேலர் உண்டு. துணி துவைக்கும் பவுடரில்கூட இந்த ஜாதி என்சைமைச் சேர்க்கிறார்கள். அக்கம்பக்கத்தில் யாராவது பாக்கெட்டைப் பிரித்துக் கொட்டினால் என் நெஞ்சு இறுகும். பொடி பட்டதால் இறுகுகிறதா, பயத்தால் இறுகுகிறதா என்று எனக்கே தெரிவதில்லை. மொட்டை மாடிக்குப் போய் நின்றுவிடுவேன். மாப்பிள்ளை வீட்டாரிடம் நானே சொல்லிவிட்டேன். ஒருவர் போய்விட்டார். அடுத்தவர் வந்து, "என் அம்மாவுக்கும் இருக்கு, அந்த மருந்து எங்க வீட்டுல எப்பவும் இருக்கும்," என்றார். அவரைத்தான் கட்டியிருக்கிறேன்.

அக்காவுக்கு நல்லபடியாக முடிந்தது என்று சொல்ல முடியாது. ஒரு தடவை பழைய சிநேகிதிகளோடு பாசிக்குப் போயிருக்கிறாள். முதல் முங்கலிலேயே மேலே வந்து வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாளாம். அதற்கப்புறம் கரையில் இருந்து, மற்றவர்கள் கொண்டுவரும் பாசியைக் காயப்போட்டு, கல்லும் கிளிஞ்சலும் பொறுக்குகிறாள். பாய் மாதாமாதம் மருந்து வாங்கிக் கொடுத்துவிடுகிறார். நான் முதல் தடவை அவள் வீட்டுக்குப் போனபோது வாசலிலேயே நிறுத்தினாள்.

"கம்பெனிக்குப் போயிட்டு வாரியா?"

"இல்லக்கா. அங்க போறதே இல்ல. குளிச்சு மாத்திக்கிட்டுத்தான் வந்தேன்."

சரி என்று நகர்ந்து வழிவிட்டாள். மீன் குழம்பு ஊற்றினாள்.

போன மாதம் அவளே போன் பண்ணினாள். மருமகளுக்கு வேலை வேண்டும், பாய் கம்பெனியில் ஆள் கேட்கிறார்கள். அனுப்பலாமா என்று என்னிடம் கேட்டாள். வேறு யாரிடமும் இல்லை, என்னிடம்.

"ரெண்டு நாள் குடுங்க," என்றேன்.

கம்பெனிக்குப் போனேன். உள்ளே போகவில்லை, நல்ல மாஸ்க் போட்டுக்கொண்டு பனைமரத்தடியில் நின்றேன். பாய் கதவுகளையெல்லாம் திறந்துவிட்டு, நான் கேட்டதை ஒவ்வொன்றாகக் காட்டினார். தொட்டிக்கு மூடி போட்டிருந்தார். காற்று இழுக்கும் குழாய் கூரைக்கு மேலே போயிற்று. கேன் நிரப்பும்போது தெறிக்கிறதா, சிந்தியது காய்ந்தால் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். காயவிடாமல் தண்ணி ஊற்றிக் கழுவுகிறோம் என்றார். தரையை உற்றுப் பார்த்தேன். ஈரமாகத்தான் இருந்தது. ஒரு மூலையில் மட்டும் வெளிறிய ஒரு திட்டு காய்ந்து கிடந்தது. அதைக் காட்டினேன். பாய் தானே குழாயை எடுத்துவந்து கழுவினார்.

மறுநாள் புதுமடம் போய் மருமகளையும் அக்காவையும் சேர்த்து உட்கார வைத்துச் சொன்னேன். பாடப்புத்தகத்தின் அந்தப் பத்தியில் இருந்தது முழுக்கச் சொன்னேன். இப்போது அங்கே என்ன மாறியிருக்கிறது, எது மாறவில்லை, காய்ந்து கிடந்த அந்தத் திட்டு, எந்த அறிகுறி வந்தால் அன்றைக்கே நிறுத்த வேண்டும், எனக்கே தெரியாதது எது என்பதெல்லாம் சொல்லி முடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை.

மருமகள் அக்காவைப் பார்த்தாள். அக்கா, "அது இனி ஒன் இஷ்டம்," என்றாள்.

மருமகள் வேலைக்குப் போக ஆரம்பித்து மூன்று வாரம் ஆகிறது. நான் அடிக்கடி போன் பண்ணுகிறேன். எடுத்ததும் அவள் "நல்லா இருக்கேன்" என்பாள். நான் உடனே வைப்பதில்லை. இன்னும் கொஞ்சம் பேசு, கம்பெனியில் என்ன நடந்தது, என்ன குழம்பு வைத்தாய் என்று எதையாவது கேட்டுப் பேச வைக்கிறேன். அவள் என்ன சொல்கிறாள் என்பதை நான் கேட்பதில்லை, அவள் மூச்சைத்தான் கேட்கிறேன். இதுவரை சுத்தமாகத்தான் இருக்கிறது.